வேர்வை காயாத ஊரில்: வாசகர் கேள்வி–பதில்

மார்ச் பிறந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி வெக்கையைப் பற்றியவைதான். அதனால் இந்த முறை வேறு எதையும் எடுக்கவில்லை. உடம்பின் சூடு, உடம்பின் தண்ணீர், இந்த இரண்டும்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் இடத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

ரியாத்தில் இருக்கும் என் தம்பி அங்கே 44 பாகை என்கிறான், ஆனால் நிழலில் நின்றால் சமாளிக்கலாமாம். இங்கே வானிலை அறிவிப்பில் 32 என்றுதான் சொல்கிறார்கள். குளித்துவிட்டு வந்து தலை துவட்டி முடிவதற்குள் திரும்ப வேர்க்கிறது. 32 எப்படி 44-ஐ விட மோசமாக இருக்கும்? (கொழும்பு வெள்ளவத்தை வாசகி)

அக்கா, தம்பி சொல்வதும் சரி, நீங்கள் படும் பாடும் உண்மை. வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்தால் இது விளங்காது.

நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு ஏறக்குறைய 100 வாட்ஸ் அளவுக்குச் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இதயம், ஈரல், மூளை எல்லாம் ஓயாமல் வேலை செய்வதால் வருகிற சூடு அது. மூட்டை தூக்கினால், படி ஏறினால் அது நாலைந்து மடங்காகிவிடும். உள்ளே 37 பாகையை ஒட்டியே இருக்க வேண்டுமென்றால் இவ்வளவு சூட்டையும் வெளியே தள்ளியாக வேண்டும். மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, இரத்தத்தின் சூட்டையும் தோலிலிருந்து வரும் செய்திகளையும் பார்த்து முடிவெடுப்பது அதுதான். முதலில் தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரித்துவிடும், உள்ளே இருக்கிற சூடு இரத்தத்தோடு தோலுக்கு வந்து அங்கிருந்து காற்றுக்குப் போகும். ஆனால் வெக்கை நேரத்தில் தோலின் சூடே 35 பாகைதான். காற்று 25 பாகையில் இருந்தால் சூடு தானாகவே இறங்கிப் போகும். காற்றே 32 என்றால் அப்படிப் போவது மிகக் குறைவு. அப்போது கைகொடுப்பது வியர்வை ஒன்றுதான்.

அந்த வியர்வையும் சுரந்தால் மட்டும் போதாது, காய வேண்டும். ஒரு லீற்றர் வியர்வை தோலில் இருந்தபடியே ஆவியாகிப் போனால் 580 கிலோகலோரி அளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதே ஒரு லீற்றர் முதுகால் வழிந்து சட்டையை நனைத்து நிலத்தில் சொட்டினால் உங்களுக்குத் தண்ணீரும் உப்பும் நட்டம், அவ்வளவுதான், சூடு உள்ளேயே நிற்கும். கொழும்புக் காற்றில் ஈரப்பதன் 75, 80 வீதம் என்பது சாதாரணம். மழை நாளில் பல்கணிக் கொடியில் போட்ட துணி இரண்டு நாளாகியும் காயாமல் மணக்கத் தொடங்குமே, உங்கள் தோலிலும் நடப்பது அதேதான். ரியாத்தில் கோடையில் ஈரப்பதன் 10 வீதத்துக்குக்கூட இறங்கும், வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். தம்பிக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: வேர்க்கவே இல்லையே என்று நினைத்து அங்கே பலர் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள், உண்மையில் லீற்றர் கணக்கில் போய்க்கொண்டிருக்கும்.

இதை 1774-இலேயே லண்டனில் ஒருவர் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். சார்ள்ஸ் பிளக்டன் என்ற மருத்துவர், நண்பர்களோடு உலர்ந்த காற்றுள்ள ஒரு சூடான அறைக்குள் போனார், கடைசியில் 127 பாகை செல்சியஸ் வரை அந்த அறையைச் சூடாக்கினார்கள். உள்ளே வைத்த இறைச்சித் துண்டும் முட்டையும் வெந்துபோயின, மனிதர்கள் சில நிமிடம் நின்றுவிட்டு நல்லபடியாக வெளியே வந்தார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, அங்கே வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரம். அவ்வளவு சூட்டிலும் அந்தத் தண்ணீர் கொதிக்கவில்லை. மேலே எண்ணெய் விட்டு ஆவியாவதைத் தடுத்ததும் கொதித்தது! உடம்பைக் காப்பாற்றுவது ஆவியாதல்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

32 பாகையும் 70 வீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடம்புக்கு அது 41 பாகை மாதிரி. வளிமண்டலவியல் திணைக்களம் இந்த மாதங்களில் வெளியிடும் வெப்பச் சுட்டெண் இதைத்தான் சொல்கிறது, செய்தியில் வெப்பநிலையை விட அந்த எண்ணைப் பாருங்கள். ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும், தென்மேற்குப் பருவக்காற்று வர இன்னும் வாரக்கணக்கு இருக்கும், காற்று அசையாது. அதனால்தான் இந்த நேரம் இத்தனை புழுக்கம்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? காற்றை அசைய வையுங்கள். கொழும்பில் காற்றின் சூடு 35 பாகையைத் தாண்டுவது அரிது, ஆகவே இங்கே ஃபான் எப்போதுமே உதவும். குளித்து வந்தால் உடம்பை அழுத்தித் துடைக்காமல் அந்த ஈரத்தோடு ஃபானுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள், உங்கள் வியர்வை செய்ய வேண்டிய வேலையைக் குழாய்த் தண்ணீர் செய்துவிடும். எதிரெதிர் யன்னல் இரண்டையும் திறந்து வையுங்கள். சோறு வடிக்கும் நீராவி வீட்டுக்குள்ளே சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சின்ன பிளாட்டில் அதுவே பெரிய ஈரம்.

புறக்கோட்டையில் நாட்டாமி வேலை, மூட்டை சுமப்பது. காலை முதல் வண்டில் இழுக்கிறேன். தண்ணீர் நிறையக் குடித்தும் பின்னேரம் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, தலை இடிக்கிறது. செவ்விளநீர் குடி, எல்லாம் சரியாகும் என்கிறார்கள். உண்மையா? (ஐந்து லாம்புச் சந்தி வாசகர்)

அண்ணா, உங்கள் வேலையில் மணிக்கு ஒரு லீற்றருக்கு மேல் வியர்வை போகும். அதில் போவது வெறும் தண்ணீர் இல்லை. நாக்கில் பட்டால் கரிக்கிறதே, அந்த உப்பும் போகிறது. வேலை முடிந்து சட்டை காய்ந்த பிறகு முதுகுப் பக்கம் வெள்ளைக் கோடு கோடாகப் படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். நீங்கள் ஈடுகட்டுவது தண்ணீரை மட்டும். இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்தால் தலையிடி, குமட்டல், தளர்ச்சி எல்லாம் வரும், மிகவும் குறைந்தால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். நல்ல சிறுநீரகம்கூட மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர்தான் மிச்சத் தண்ணீரை வெளியேற்றும், அதற்கு மேல் ஒரேயடியாகக் குடித்தால் உள்ளே தங்கிவிடும். ஆக, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடியுங்கள்.

செவ்விளநீர் நல்லது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் நிறைய இருப்பது பொட்டாசியம், வியர்வையில் நிறையப் போவது சோடியம். இழந்தது ஒன்று, போடுவது வேறொன்று. தாகத்துக்குக் குடியுங்கள், உப்புக்கு அதை நம்ப வேண்டாம். (சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்காமல் செவ்விளநீரைத் தொடவே கூடாது, அந்தப் பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குழப்பிவிடும்.) உங்களுக்கு உப்புப் போட்ட கஞ்சி, உப்புப் போட்ட மோர், உப்பும் சீனியும் கலந்த தேசிக்காய்த் தண்ணீர், இவையே போதும். மத்தியானச் சோற்றைத் தவிர்க்காதீர்கள், கறியிலும் உப்பு இருக்கிறது. அளவுக்கு மீறி வேர்த்த நாளில் ஒரு ஜீவனி (உப்பும் குளுக்கோசும் கலந்த தூள்), பைக்கற்றில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். அதில் குளுக்கோசு இருப்பது சும்மா இனிப்புக்காக இல்லை. சிறுகுடல் குளுக்கோசை உள்ளே எடுக்கும்போது சோடியத்தையும் சேர்த்தே எடுக்கிறது, அவை போகும் வழியே தண்ணீரும் போகிறது. பிறஷர் உள்ளவரென்றால் உப்பைக் கூட்டுவதற்கு முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. புதிதாக வேலைக்கு வரும் பொடியன்களை முதல் நாளே முழுப் பாரம் இழுக்க விடாதீர்கள். உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், கூடுதலாக வேர்க்கும், ஆனால் வியர்வையில் உப்பைக் குறைத்துவிடும். அல்டொஸ்டெரோன் என்ற ஓமோன் வியர்வைச் சுரப்பியிலும் சிறுநீரகத்திலும் உப்பை மீட்டு எடுப்பதால் இது நடக்கிறது. பழகாதவனுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

கூட வேலை செய்கிறவர் திடீரென்று உளறினால், தள்ளாடினால், கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் முழித்தால், அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். உள்ளே 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள். அம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்காமல் நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, காட்போட் மட்டையால் விடாமல் விசிறுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. வேர்த்துக்கொண்டிருக்கிறாரே, அப்படியென்றால் பயமில்லை என்றும் எண்ண வேண்டாம், கடும் வேலையில் விழுகிறவர்களுக்கு வியர்வை ஓடிக்கொண்டேயிருக்கும்.

புடவைக் கடையில் நிற்கிறேன். காலை ஒன்பதிலிருந்து இரவு வரை. கடையில் பெண்களுக்கென்று டொய்லெட் இல்லை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போக வேண்டும், போனால் முதலாளி முகம் சுளிக்கிறார். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. சலம் கடும் மஞ்சளாகப் போகிறது, எரிகிறது. (இடம் போட வேண்டாம் என்று கேட்ட வாசகி)

தங்கச்சி, இந்த மாதிரிக் கடிதம் உங்களுடையது மட்டும் இல்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடம்பு தண்ணீரை எப்படி மிச்சம் பிடிக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லீற்றர் அளவு நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன, அதில் 178 லீற்றருக்கு மேல் திரும்ப இரத்தத்துக்கே போய்விடும், மிச்சம்தான் சிறுநீர். எவ்வளவு திரும்ப எடுப்பது என்பதைக் கட்டுப்படுத்துவது ஏடிஎச் என்ற ஓமோன். இரத்தம் ஒரு வீதம், இரண்டு வீதம் கெட்டியானாலே ஹைப்போதலமஸ் அதைக் கண்டுபிடித்து ஏடிஎச்சைக் கூட்டிவிடும், தாகத்தையும் கிளப்பிவிடும். சிறுநீர் குறைந்து கெட்டியாகி மஞ்சளாவது இதனால்தான். ஆனால் இந்தச் சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. கழிவைக் கரைத்து வெளியேற்ற நாளொன்றுக்கு அரை லீற்றராவது சிறுநீர் போயே ஆக வேண்டும். மூச்சோடும் தோலோடும் நமக்குத் தெரியாமலே முக்கால் லீற்றர் போகிறது. அப்புறம் கொழும்பு வேர்வை. நீங்கள் பட்டினி போடுவது சிறுநீர்ப்பையை என்று நினைக்கிறீர்கள், உண்மையில் வருத்துவது சிறுநீரகத்தையும் இரத்த ஓட்டத்தையும்.

கெட்டியான சிறுநீரில் உப்புகள் படிந்து கல் உண்டாகும். அடக்கி வைப்பதும் குறைவாகப் போவதும் கிருமிக்கு வசதி, அடிக்கடி கழுவி வெளியேற்றப்படாமல் அது பெருகும். உங்களுக்கு எரிவு தொடங்கிவிட்டது என்பதால் தண்ணீர் மட்டும் குடித்துப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், இந்த வாரமே சிறுநீர்ப் பரிசோதனை செய்து மருந்து எடுங்கள். காய்ச்சல், நடுக்கம், முதுகுப் பக்க விலாவில் நோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர், மத்தியானச் சாப்பாட்டோடு ஒன்று, இடையில் ஒரு மிடறு, இரண்டு மிடறு என்று தொடங்குங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், நிறமே இல்லாமல் போக வேண்டும் என்றில்லை.

கடை வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் ஒரு பெண்ணை நிற்க வைத்துவிட்டு ஒரு கழிவறைக்கு வழி செய்யாமல் இருப்பது கொடுமை. இதில் முகம் சுளிக்க ஒன்றுமே இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை இன்னொரு கடையில் நின்றால் என்ன கேட்பீர்களோ அதைச் செய்து கொடுங்கள்.

கோட்டையில் ஏசி ஒஃபிஸில் வேலை. தண்ணீர் அதிகம் குடிப்பதில்லை, ஆனாலும் மணிக்கொரு தரம் எழும்ப வேண்டியிருக்கிறது. சீனி வருத்தமாக இருக்குமோ? (தெஹிவளை வாசகர்)

பெரும்பாலும் ஏசிதான். குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அந்த இரத்தம் உடம்பின் நடுப்பகுதிக்கு வரும், உள்ளே நீர் கூடிவிட்டது என்று கணக்குப் போட்டு உடம்பு சிறுநீரைக் கூட்டும். வியர்வையும் இல்லாததால் போக வேண்டியது எல்லாம் ஒரே வழியால் போகிறது. சனி, ஞாயிறு வீட்டில் இருக்கும்போது இது குறைகிறதா என்று பாருங்கள். குறையவில்லை, இரவிலும் பல தடவை எழும்புகிறீர்கள், தாகமும் அடங்கவில்லை, மெலிந்தும் வருகிறீர்கள் என்றால் கட்டாயம் இரத்தத்தில் சீனி பாருங்கள். சிறுநீரில் இறங்கும் சீனி தன்னோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும்.

வெயிலில் சூடான பிளேன்டீ குடித்தால் உடம்பு குளிரும் என்று அம்மம்மா சொல்வார். சரியா? (கொட்டாஞ்சேனை)

பாதி சரி. சூடாக ஏதாவது உள்ளே போனதும் வயிற்றிலுள்ள உணர்விகள் தூண்டப்பட்டு வியர்வை கூடும், அந்த வியர்வை முழுதாகக் காய்ந்தால் தேநீர் கொண்டுவந்த சூட்டை விடக் கூடுதலாகவே வெளியே போகும். காற்று ஓடுகிற உலர்ந்த இடத்தில் இது நடக்கும். ஆமர் வீதியில் காற்றில்லாத கடைக்குள் இருந்து குடித்தால் வழியத்தான் செய்யும். மற்றபடி பிளேன்டீயில் போகிற தண்ணீர் உடம்புக்குத் தண்ணீர்தான். தேநீர் குடித்தால் குடித்ததை விட அதிகமாக வெளியே போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை.

நான் ஏழாம் வகுப்பு. நுவரெலியா போனபோது குளிரில் கை மயிர் சிலிர்த்து நின்றது, பல்லும் அடித்தது. ஏன்? (பம்பலப்பிட்டி)

நல்ல கேள்வி, தம்பி. ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு குட்டித் தசை இருக்கிறது, குளிரில் அது சுருங்கி மயிரை நிமிர்த்தும். அடர்ந்த மயிருள்ள விலங்குக்கு இடையில் காற்று சிறைப்பட்டுச் சூடு காக்கும், நமக்கு மயிர் குறைவு என்பதால் பெரிய பலன் இல்லை. பல் அடிப்பது, உடம்பு நடுங்குவது எல்லாம் தசைகள் வேலை செய்து சூடு உண்டாக்குவது. கைக்குழந்தைகளுக்கு இப்படி நடுங்கத் தெரியாது. அவர்களுக்குக் கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டைக்கு நடுவிலும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது, அது எரிந்து சூடு தரும்.

பிள்ளைக்குக் காய்ச்சல் 39 பாகை, ஆனால் குளிர்கிறது என்று நடுங்குகிறாள். மாமி போர்வையால் மூடச் சொல்கிறார், பக்கத்து வீட்டார் ஐஸ் தண்ணீரால் துடைக்கச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? (வத்தளை தாய்)

இரண்டும் வேண்டாம், அம்மா. வெயிலில் ஏறும் சூடு வேறு, காய்ச்சல் வேறு. வெயிலில் உடம்பு 37-ஐப் பிடிக்கப் போராடித் தோற்கிறது. காய்ச்சலில், கிருமியோடு சண்டை போடும்போது உண்டாகும் இரசாயனங்கள் ஹைப்போதலமஸின் இலக்கையே 39-க்கு உயர்த்திவிடுகின்றன. அதுவரை 37-இல் இருந்த உடம்புக்கு இப்போது குளிராகத் தெரியும், அதனால் நடுங்கிச் சூட்டை ஏற்றுகிறது. ஐஸ் தண்ணீரால் துடைத்தால் இன்னும் நடுங்கும், கனமாகப் போர்த்தினால் சூடு இன்னும் ஏறும். நடுங்கும்போது ஒரு மெல்லிய துணி, நடுக்கம் நின்றதும் அதையும் எடுத்துவிடுங்கள். பரசிட்டமோல் அந்த உயர்ந்த இலக்கைத்தான் கீழே இறக்குகிறது, பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில் கொடுங்கள். வெயிலில் விழுந்தவருக்குப் பரசிட்டமோல் உதவாததற்கும் இதுதான் காரணம், அங்கே இலக்கு உயரவே இல்லை.

கொழும்பிலும் கம்பஹாவிலும் காய்ச்சல் என்றால் டெங்குவை மறக்கவே கூடாது. அஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்குளோஃபெனக் போன்றவற்றை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், இரத்தக் கசிவு கூடும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். கஞ்சி, ஜீவனி, பழச்சாறு என்று குடிக்கக் கொடுங்கள், எத்தனை தடவை சிறுநீர் போகிறாள் என்று எழுதி வையுங்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் நீர்மம் இரத்தக் குழாயிலிருந்து கசியும் நேரம். சூடு போய்விட்டது என்று நிம்மதிப்பட வேண்டாம். வயிற்று நோ, ஓயாத வாந்தி, கை கால் சில்லிடுதல், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமை, இதில் எது வந்தாலும் இரவென்றும் பாராமல் கூட்டிப் போங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. இதயத்துக்கு மருந்து எடுக்கிறார், தண்ணீர் குறைத்துக் குடிக்கச் சொன்னார்கள், சலம் போகிற குளிசையும் உண்டு. இந்த வெக்கையில் என்ன செய்வது? தாகமே இல்லை என்கிறார். (கிருலப்பனை வாசகர்)

வயது போகப் போகத் தாகம் மழுங்கும், இது அம்மாவின் பிடிவாதம் இல்லை. உள்ளே தண்ணீர் குறைந்திருந்தும் தாகம் எழாது. சிறுநீரகத்தால் முன்னைப் போல மிச்சம் பிடிக்கவும் முடியாது, வியர்வையும் குறைவாகத்தான் வரும். ஆகவே தாகத்தைக் கேட்டுக் கொடுக்காமல் நேரம் பார்த்துக் கொடுங்கள். கிளினிக்கில் சொன்ன அளவு ஒரு லீற்றரோ ஒன்றரையோ, அதைக் காலையில் ஒரு போத்தலில் ஊற்றி வைத்து நாள் முழுக்கப் பிரித்துக் கொடுங்கள். தேநீர், சூப், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.

நீங்களாகத் தண்ணீரைக் கூட்டவும் வேண்டாம், குளிசையை நிறுத்தவும் வேண்டாம். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே தராசில் நிறை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது, அதே மாதிரி இறங்கினால் வற்றுகிறது, எதுவென்றாலும் கிளினிக்குக்குச் சொல்லுங்கள். எழும்பும்போது தலை சுற்றுகிறது, வழக்கத்தை விடத் தூங்கி விழுகிறார், பேச்சில் குழப்பம் என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். வயதானவர்களின் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர் வற்றியிருக்கிறதா என்று சொல்ல முடியாது, தோல் தளர்ந்திருப்பதால் அது எப்படியும் மெதுவாகத்தான் திரும்பும். வாயின் உட்பக்கத்தையும் நாக்கையும் பாருங்கள். பகலில் கையையும் கழுத்தையும் ஈரத் துணியால் துடைத்து ஃபானைப் போட்டு விடுங்கள், தண்ணீர் அளவு கட்டுப்பட்ட ஒருவருக்கு இது குடிக்காமலே கிடைக்கும் குளிர்ச்சி. குளிசையின் அளவை வெக்கை மாதங்களுக்கு மாற்ற வேண்டுமா என்று அவருடைய டொக்டரிடம் இப்போதே கேளுங்கள், கேட்கப் போகும்போது நிறை எழுதிய கொப்பியையும் கொண்டு போங்கள்.